'லேசான வேலை' எண்டு ஆர் சொன்னது?



ஜேர்மன் முதலாளிமார் சங்கங்கள் வாய் திறந்தால் வருகிற ஒரே ஒப்பாரி: தேர்ந்த தொழிலாளர் இல்லை, இல்லை, இல்லை. அதே நாட்டில் பதினைந்து, இருபது வருசமாகப் பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பிசிறு எடுத்து, ஓரம் சீவி, மெருகேற்றிக்கொண்டிருக்கிற எங்கட அம்மா அப்பாமாரின் ஒப்பந்தத்தில் இன்னும் 'ஹெல்ஃபர்' என்றுதான் கிடக்கு. உதவியாள். ஆருக்கு உதவி? மெஷினுக்கோ?

இது என்ன வேலை என்று எங்களில் கனபேருக்குத் தெரியாது. 'அப்பா கொம்பனிக்குப் போறார்', அவ்வளவுதான். லூடன்ஷைட், இசர்லோன் பக்கம் போனால் பிளாஸ்டிக் தொழிற்சாலைகள் நெருங்கிக் கிடக்கும். அச்சில் வார்த்து லட்சக்கணக்கில் தள்ளுகிறது ஒரு வகை. நான் சொல்வது மற்ற வகை: மருத்துவக் கருவி செய்கிற ஒரு கொம்பனி வரைபடம் அனுப்பி இருபது துண்டு, ஐம்பது துண்டு கேட்கும். அதற்கு அச்சு செய்தால் கட்டுபடியாகாது. தகட்டிலிருந்தோ தடியிலிருந்தோ சிஎன்சி மெஷினில் வெட்டி எடுக்க வேணும். வெட்டி முடிந்ததும் ஓரமெல்லாம் பிசிறு நிற்கும். அதைச் சின்னக் கத்தியால், கையால் சீவுகிறதுக்கு டொச்சில் 'என்ட்கிராட்டன்' என்று பெயர். சம்பளப் பட்டியலில் அதற்கு மதிப்பு: லேசான வேலை.

லேசா? டெஃப்லோன் மெழுகு மாதிரி. பிசிறு அறாது, மடிந்து படுத்துவிடும். இழுத்தால் ஓரத்தையும் கொண்டு வரும். நைலோன் ஈரத்தைக் குடித்து வீங்கும். சூட்டுக்குப் பிளாஸ்டிக் இரும்பைவிடப் பல மடங்கு விரியும். மெஷினிலிருந்து சூடாக எடுத்து அளந்தால் சரியாக இருக்கும், ஆறினால் பிழைக்கும். அக்ரிலிக்கின் ஓரத்தைக் கண்ணாடி போல மெருகேற்றிவிட்டு ஸ்பிரிட் போட்டுத் துடைத்தீர்களோ, உள்ளே நின்ற இறுக்கம் நரம்பு நரம்பாக வெடிப்பு விட்டுக்கொண்டு வெளியே வரும். துடைக்க முதல் அடுப்பில் வைத்து மெல்லச் சூடாக்கி, மெல்ல ஆறவிட்டிருக்க வேணும். 'பீக்' என்று ஒரு சாமான் இருக்கு, விலை கேட்டால் தலை சுத்தும். கடைசியில் பிசிறு எடுக்கிற கை ஒருக்கா வழுக்கினால், அவ்வளவு நேரம் மெஷின் ஓடினதும் சேர்ந்து குப்பைக்குள் போகும். முழுச் செலவும் வந்து தங்குகிற இடம் அந்த 'உதவியாளின்' பெருவிரல்.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெஃப்லோன் தூள் ஒட்டின விரலால் சிகரெட் பிடித்தால், எரிகிற நுனியில் தூள் புகையாகி, பின்னேரம் தடிமன் காய்ச்சல் மாதிரி நடுக்கம் வரும். அடுத்த நாள் சுகமாகிவிடும், ஆகவே ஒருத்தரும் டொக்டரிடம் சொல்வதில்லை. மருத்துவப் புத்தகத்தில் பெயர் உள்ள நோய் இது. வேலைக்குச் சேர்ந்த அன்று விளங்குகிற மொழியில் இதைச் சொல்லித் தந்தார்களா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கோ.

இனி அந்த 'லேசு' எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பெண் என்ற காரணத்துக்காகச் சம்பளம் குறைக்கக்கூடாது என்று 1955 இல் மேற்கு ஜேர்மனியின் உயர் தொழில் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. முதலாளிமார் என்ன செய்தார்கள்? பட்டியலில் 'பெண்' என்ற சொல்லை வெட்டிவிட்டு 'உடலுக்கு லேசான வேலை' என்று எழுதினார்கள். ஆட்கள் அதே ஆட்கள், சம்பளம் அதே சம்பளம். பிறகு அந்தக் குழிக்குள் வெளிநாட்டுப் பெண்களைக் கொண்டுவந்து நிரப்பினார்கள்.

1973 ஓகஸ்ட் 13 ஆம் திகதி, டுசல்டோர்ஃபுக்குப் பக்கத்தில் நொய்ஸ் நகரில், கார்புரேட்டர் செய்கிற பியர்புர்க் தொழிற்சாலையில் அந்தப் பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். கிரேக்கம், துருக்கி, யூகோஸ்லாவியா, ஸ்பெயின், இத்தாலி என்று பல நாட்டுக்காரிகள். தொழிற்சங்கம் அழைத்த வேலைநிறுத்தம் அல்ல அது. கேட்டது ஒரு மார்க் கூட. மற்றது, இரண்டாம் 'லேசு' சம்பளக் குழுவை ஒழிக்க வேணும். பொலிஸ் வந்து அடித்தது. சில நாளில் ஜேர்மன் கைத்தொழிலாளர்களும் கருவியைக் கீழே வைத்துவிட்டு அவர்களோடு சேர்ந்தார்கள். குழு இரண்டு ஒழிந்தது. எங்கட ஆக்கள் 83 க்குப் பிறகு வந்து, ஆண்டுக்கணக்கில் வேலைத் தடையில் இருந்து, பிறகு இந்தத் தொழிற்சாலை வாசல்களுக்குள் நுழைந்தபோது, அந்தப் பெண்களின் கதையை ஒருத்தரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

இண்டைக்கு அந்தக் குழிக்கு வேறு பெயர்: லைபியர்மா, ஆள் வாடகைக் கொம்பனி. சட்டப்படி ஒன்பது மாதத்தில் சமசம்பளம், ஒரே இடத்தில் 18 மாதம்தான். ஆனால் கூட்டு ஒப்பந்தத்தால் இரண்டையும் வளைக்கலாம். மூன்று மாதத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் கணக்குப் பூச்சியத்திலிருந்து. ஆளை அனுப்பிவிட்டு நாலாம் மாதம் திருப்பிக் கூப்பிடுகிற சூத்திரம் இதுதான்.

என்ர அம்மா வேலை செய்த இடத்தில், மூன்றரை வருசப் பயிற்சி முடித்து வந்த பெடியனுக்குப் பிசிறு எடுக்கப் பழக்கினது அம்மா. அவனுக்குச் சம்பளக் குழு மூன்று படி மேலே. அவன் நல்ல பெடியன், அவனில் எனக்குக் கோபம் இல்லை.

கோபம் எங்களில்தான். கலியாணப் பேச்சில் 'கொம்பனி வேலை' என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிற எங்கட சமூகத்தில். அதைவிட, மூலதனத்தில் வேலைநாள் அத்தியாயத்தை வரிவரியாக விவாதிச்சுப்போட்டு, இரவுப் பாளி முடிச்சு வாற அப்பாவிட்ட 'உங்கட சம்பளக் குழு என்ன?' எண்டு ஒரு நாளும் கேட்காத எங்கட இடதுசாரி வட்டத்தில். அடையாளம் பற்றி எங்களுக்கு ஆயிரம் பதிவு. எங்களை வளர்த்த வேலையைப் பற்றி ஒன்று இருக்கா?

கேட்கத் தொடங்குவோம். இருபது பேருக்கு மேல் வாக்குரிமை உள்ள இடத்தில், ஒருவரை எந்தச் சம்பளக் குழுவில் போடுவது என்பதற்குத் தொழிலாளர் மன்றத்தின் சம்மதம் வேணும். பெட்ரீப்ஸ்ராட் என்பது அதுதான். ஐந்து பேர் இருந்தாலே மன்றம் தெரியலாம். 1972 இலிருந்து எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் அதற்குப் போட்டியிடலாம். மூன்று மாதத்துக்கு மேல் வேலை செய்யப்போகிற லைபியர்மா ஆளுக்கும் வாக்கு உண்டு. மன்றமே இல்லாத இடத்தில் தேர்தல் காலத்துக்குக் காத்திருக்கவும் தேவையில்லை, எப்போதும் தொடங்கலாம்.

இன்னொன்று. ஒரு தொழிலுக்கான பயிற்சிக் காலத்தின் ஒன்றரை மடங்கு அந்த வேலையைச் செய்தவர், பயிற்சிக்குப் போகாமலே இறுதிப் பரீட்சை எழுத விண்ணப்பிக்கலாம். மூன்றரை வருசப் பயிற்சி என்றால் ஐந்தே கால் வருச அனுபவம். இருபது வருசக்காரருக்கு இது பெரிய கணக்கில்லை. பரீட்சை டொச்சில் என்பதுதான் சுவர். அந்தச் சுவரை ஏற உதவுகிற அளவுக்கு டொச் எங்களிட்ட இருக்கு. பள்ளிக்கூடத்தில் நல்லாத்தான் படிச்சனாங்கள்.

இந்தச் சனி ஞாயிறு வீட்டில் வேலை ஒப்பந்தத்தை வாங்கி, 'ஐன்குறுப்பியருங்' என்ற சொல் எங்கே இருக்கு, பக்கத்தில் என்ன இலக்கம் என்று பாருங்கோ. விளங்காட்டி இந்த மடலுக்கே பதில் போடுங்கோ, ஒண்டா இருந்து வாசிப்பம்.