பி.டி. ரோட்டுக்கு அடியில்



கொல்கத்தா போகிறவர்களிடம் டாலா தண்ணீர்த் தொட்டியையும் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்வது என் வழக்கம். வட கொல்கத்தாவில், தரையிலிருந்து 110 அடி உயரத்தில் இரும்புக் கால்களின் மேல் நிற்கிறது. 1909-இல் தொடங்கி 1911-இல் கட்டி முடித்தார்கள். 90 லட்சம் கேலன் பிடிக்கும். உள்ளே நான்கு அறைகள். ஒன்றைக் காலி செய்து கழுவும்போதும் மற்ற மூன்றிலிருந்து ஊருக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். நூறு வயதைக் கடந்தபின் ஜாதவ்பூர் பல்கலைக்கழக நிபுணர்களின் யோசனையோடு பெரிய அளவில் பழுதும் பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரிகிற இரும்பு துருப்பிடித்தால் யாராவது பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள்.

அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய்களின் கதை வேறு. பல்தாவில் ஹூக்ளி நீரைச் சுத்திகரித்து அனுப்புவது 1870-ஐ ஒட்டித் தொடங்கியது. அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல், பாரக்பூர் டிரங்க் ரோட்டுக்கு (பி.டி. ரோடு) அடியில் பெரிய பெரிய குழாய்கள் வெவ்வேறு காலங்களில் புதைக்கப்பட்டன. அதே ரோட்டின் மேல் பாரக்பூர் வரை மெட்ரோ ரயில் ஓட்டும் திட்டத்துக்குத் தூண் ஊன்றினால் கீழே இருப்பது தாங்குமா என்று மாநகராட்சி அஞ்சியதால், அந்தத் திட்டம் வருடக்கணக்கில் கிடப்பில் கிடந்தது. மாநகராட்சியின் தயக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். குழாய் உடைந்தால் பாதி ஊர் வறண்டுவிடும்.

குழாயின் ஆயுளை வயதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. பிரான்சின் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்துக்கு 1660-களில் போட்ட வார்ப்பிரும்புக் குழாய்கள் முந்நூறு வருடங்களுக்கு மேல் உழைத்தன. முப்பது வருடத்தில் ஓட்டையான குழாய்களும் உண்டு. ஈரக் களிமண், மேலே ஓடும் லாரி, டிராம் தண்டவாளத்திலிருந்து மண்ணுக்குள் கசியும் மின்சாரம் எல்லாம் சேர்ந்து தின்னும். வார்ப்பிரும்பு சாகும் விதம் விசித்திரமானது. இரும்பு கரைந்து போய்க் கரி மட்டும் மிஞ்சும். உருவம் அப்படியே இருக்கும். தட்டினால் கணீரென்ற சத்தம் வராது, பேனாக்கத்தியால் சீவினால் பென்சில் போலச் சீவ வரும். பழைய குழாய்களின் இணைப்பில் சணலைத் திணித்து ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியிருப்பார்கள். முதலில் கசிவது பெரும்பாலும் அங்கேதான். தண்ணீரை வேளைக்கு வேளை திறந்து மூடும் ஊர்களில் இன்னொரு ஆபத்து: அழுத்தம் இறங்கியதும் அக்கம்பக்கத்துச் சாக்கடை அதே கசிவு வழியாக உள்ளே வரும்.

1979-இல் யூரி ஷமீர், சார்லஸ் ஹோவர்ட் என்ற இருவர், குழாயை எப்போது மாற்றுவது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு குழாய் உடைகிற வேகம் வருடம் ஏற ஏற வட்டிக்கு வட்டி போலக் கூடுகிறது. பழுதுச் செலவும் புதுக்குழாய்ச் செலவும் சேர்ந்து மிகக் குறைவாக வரும் வருடத்தில் மாற்றிவிட வேண்டும். இன்று கணினி இதையே இன்னும் நுணுக்கமாகச் செய்கிறது. ஆனால் எந்தத் தெருவில், எந்தத் தேதியில், எந்தக் குழாய், எதனால் உடைந்தது என்ற குறிப்பு இல்லாமல் எந்தக் கணினியாலும் ஆவது ஒன்றுமில்லை. நம் ஊர்களில் அந்தக் குறிப்பு பெரும்பாலும் வயதான ஃபிட்டர்களின் தலைக்குள் இருக்கிறது. வால்வு எங்கே புதைந்திருக்கிறது என்று காலால் தட்டிக் காட்டுவார்கள். ஓய்வு பெற்றால் அதுவும் அவர்களோடு வீட்டுக்குப் போய்விடும். அவர்களை உட்கார வைத்து எழுதி வாங்குவதற்கு, கசிவைக் காட்டும் சென்ஸார் வாங்கும் செலவில் நூறில் ஒரு பங்கு ஆகாது என்பது என் எண்ணம்.

கொல்கத்தாவில் பணமும் ஒரு சிக்கல். வீட்டுக் குடிநீருக்கு அங்கே கட்டணம் வாங்குவதில்லை. ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் காசிப்பூர்ப் பகுதியில் மீட்டர் வைத்துக் கசிவைக் குறைக்கும் வேலை நடந்தது. அளந்தால் அடுத்து காசு கேட்பார்களோ என்ற பயம் ஜனங்களுக்கு இருப்பது நியாயம்தான். ஆனாலும் அளக்காமல் கசிவு எங்கே என்று தெரியாதே.

சென்னையிலும் இது பழைய கதைதான்: செங்குன்றத்துத் தண்ணீர் கீழ்ப்பாக்கத்தில் சுத்திகரிக்கப்பட்டு வரத் தொடங்கியது 1914-இல். அதனால் சென்னை வாசகர்களிடமும், லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் கொல்கத்தா வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் தெருவில் குழாய்க்குப் பள்ளம் தோண்டினால் எட்டிப் பாருங்கள். வார்த்த ஆண்டு குழாயின் மேல் பொறித்திருக்கிறதா, இணைப்பில் ஈயமா ரப்பர் வளையமா, அதே இடத்தில் இதற்குமுன் எப்போது தோண்டினார்கள் என்று எழுதுங்கள். பழைய ஃபிட்டர் யாரையாவது தெரிந்தால் அவரிடம் கேட்டும் எழுதலாம். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்