சதுர அடிக்கு எவ்ளோ?

வீடு கட்டப் போறவங்க பில்டர்கிட்ட கேட்கிற முதல் கேள்வி இதுதான். ப்ரீஃபேப் வீடுன்னா வர்ற பதில் இன்னும் கவர்ச்சியா இருக்கும். என்னைக் கேட்டா, மூணு கொட்டேஷனை ஒப்பிட இதைவிட மோசமான அளவுகோல் கிடையாது.

ப்ரீஃபேப் மட்டம்னு நான் சொல்ல வரலை. சென்னை பெரும்பாக்கத்துல லைட் ஹவுஸ் திட்டத்துல ப்ரீகாஸ்ட் முறையில 1,152 வீடுகள் கட்டினாங்க. 2021 ஜனவரி 1 அன்னிக்கு அடிக்கல், 2022 மே 26 அன்னிக்குத் திறப்பு விழா. செலவு 116 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தா ஒரு வீட்டுக்குச் சுமார் 10 லட்சம். "அப்போ நம்ம வீடும் 10 லட்சத்துல முடிஞ்சிடும்"னு அப்பா சொன்னா, தயவு செஞ்சு தலையாட்டாதீங்க. அங்கே ஒரு அச்சுல வார்த்த அளவையே திரும்பத் திரும்ப வார்க்கலாம். சைட்டுக்கு வந்த கிரேன் அத்தனை வீட்டுக்கும் பொது. உங்க ஒத்தை வீட்டுக்கு அச்சு, டிரெய்லர், கிரேன் எல்லாச் செலவும் உங்க தலையிலதான். ப்ரீஃபேப் மலிவாகிறது எண்ணிக்கையாலதான்.

சும்மா ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 800 சதுர அடி வீடு. முதல் பில்டர் 1,900 ரூபாய்ங்கிறார்: 15.2 லட்சம். ரெண்டாமவர் 2,350: 18.8 லட்சம். வீட்ல எல்லாரும் முதல் ஆளைத்தான் கை காட்டுவாங்க. இப்போ அடியில இருக்கிற பொடி எழுத்தைப் படிங்க. "ஜி.எஸ்.டி., அஸ்திவாரம், கிரேன் தனி." 18 சதவீத ஜி.எஸ்.டி. 2.74 லட்சம், அஸ்திவாரத்துக்கு ஒரு 2.5 லட்சம், டிரெய்லருக்கும் கிரேனுக்கும் 60 ஆயிரம்னு வைங்க. 21 லட்சத்தைத் தாண்டிடுச்சு. ரெண்டாமவர் எல்லாத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தா, காஸ்ட்லின்னு நாம ஒதுக்கினவர்தான் உண்மையில மலிவு. அதனால ஒரு பேப்பர்ல வேலைகளை வரிசையா நீங்களே எழுதி, மூணு பேர்கிட்டயும் அதே பட்டியலுக்கு விலை கேளுங்க. செப்டிக் டேங்க், வயரிங், மாடிப்படி, காம்பவுண்ட் வரைக்கும் எதையும் விடாதீங்க. டிரெய்லர் உங்க தெருவுல திரும்புமான்னும் பார்த்துக்கோங்க.

அடுத்தது கடல். செங்கல்பட்டு டவுனுக்குப் போட்ட டிசைனை அப்படியே கொண்டு போய் பட்டிபுலத்துல இறக்க முடியாது. கடலோரச் சூழலை ஐ.எஸ். 456 'கடுமையான' வகையில வைக்குது. குறைஞ்சது எம் 30 கான்கிரீட், கம்பிக்கு மேல 45 மில்லிமீட்டர் கவர் வேணும். ஸ்டீல் ஃப்ரேம் வீடுன்னா துத்தநாகப் பூச்சு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்னு எழுத்துல வாங்குங்க. காத்தையும் மறக்காதீங்க. 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது மாமல்லபுரம் பக்கத்துலதான். சென்னைக்கு ஐ.எஸ். 875 சொல்ற அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். கூரையை ஃப்ரேமோடயும் ஃப்ரேமை அஸ்திவாரத்தோடயும் பிடிச்சிருக்கிற போல்ட்டுக்குக் கணக்கு காட்டாத பில்டர் எவ்வளவு குறைச்சுக் கேட்டாலும் வேண்டாம்.

எனக்கு உண்மையிலேயே பயமா இருக்கிறது பணம் கைமாறுற விதம்தான். சாதாரண வீட்டுல சுவர் எழும்ப எழும்பப் பணம் கொடுப்போம். பேங்க்கும் அஸ்திவாரம், ரூஃப்னு கட்டம் பார்த்துத்தான் லோனை விடும். ப்ரீஃபேப்ல வேலையில பெரும்பகுதி எங்கேயோ ஒரு ஃபேக்டரியில நடக்குது. பில்டர் 70 சதவீத அட்வான்ஸ் கேட்டா, உங்க மனையில ஒரு செங்கல்கூட இல்லாதப்பவே அப்பாவோட பி.எஃப். பணம் போயிருக்கும். பேங்க் மேனேஜர் வந்து பார்த்தா வெறும் மண்ணுதான் தெரியும். அதனால லோன் எந்தக் கட்டத்துல வரும்னு பேங்க்ல முதல்ல கேட்டுட்டு, அதுக்கு ஏத்த மாதிரி பில்டர்கிட்ட பேசுங்க. ஃபேக்டரியில பேனலை நேர்ல பார்த்த பிறகுதான் ரெண்டாவது தவணை. கடைசி 5 சதவீதத்தை ஐப்பசி, கார்த்திகை மழை முடியிற வரைக்கும் கையிலயே வைங்க. பேனல் இணைப்புல ஒழுகுதா இல்லையான்னு மழைதான் சொல்லணும்.

இவ்வளவும் சரியா அமைஞ்சா ப்ரீஃபேப் நல்ல தேர்வுதான். எட்டு மாச வேலை மூணு மாசத்துல முடிஞ்சா, 10 ஆயிரம் வாடகை கொடுக்கிற குடும்பத்துக்கு 50 ஆயிரம் மிச்சம். அந்த மிச்சத்தையும் பட்டியல்ல ஒரு வரியா எழுதுங்க.

சிவில் படிக்கிறவன்தான் இதைப் பார்க்கணும்னு இல்லை. ஈ.சி.இ., மெக்கானிக்கல், ஐ.டி. யாரா இருந்தாலும் எக்செல் நமக்குத் தெரியும். நம்ம வீட்டுப் பெரியவங்க முப்பது வருஷம் சேர்த்த காசுக்கு வர்ற கொட்டேஷன் பெரும்பாலும் இங்கிலீஷ்லதான் இருக்கும். "நீ படிப்பைப் பாரு"ன்னு சொல்லுவாங்க. பரவாயில்லை, அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பேப்பரை வாங்கி ஒரு ராத்திரி உட்கார்ந்து படிங்க.