இருப்பிடத்தையும் கணக்கிடுங்கள்

இந்தோனேசியாவின் மத்திய சுலாவெசிக் கரைக்கு அப்பால் பங்காய் என்னும் தீவுக்கூட்டம் உண்டு. அத்தீவுகளின் ஆழமற்ற கடலில், கடற்புல்லிடையேயும் முருகைக்கற்களிடையேயும் பங்காய் கர்தினால் மீன் வாழ்கிறது. நீளம் ஏறத்தாழ மூன்று அங்குலம். வெள்ளி உடலில் கறுப்புப் பட்டைகள். உலகில் இதன் சொந்த இடம் ஏறக்குறைய இது ஒன்றே.

இதன் வாழ்க்கை முறையே அதற்குக் காரணம். பெண்மீன் இடும் முட்டைகளை ஆண்மீன் வாய்க்குள் ஏந்தி, சுமார் மூன்று வாரம் உணவின்றிக் காக்கும். பொரித்த குஞ்சுகளையும் மேலும் சில நாட்கள் வாயிலேயே வைத்திருக்கும். வேறு பல மீன்களின் குஞ்சுகளைப் போல இவை நீரோட்டத்தோடு தூரம் போவதில்லை. வெளியே வந்ததும் அருகிலுள்ள கடல் முள்ளெலியின் நீண்ட முட்களுக்குள்ளும் கடற்சாமந்தியின் கரங்களுக்குள்ளும் புகுந்துகொள்ளும். அந்தக் காவல் இல்லையேல் பெரிய மீன்களுக்கு இரையாகும்.

1933 இல் விஞ்ஞானிகள் பெயரிட்ட இம்மீன், 1990களின் நடுப்பகுதியில் அழகு மீன் வியாபாரிகளின் கண்ணில் பட்டது. பின்னர் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் பிடிக்கப்பட்டது. பிடித்த ஏழை மீனவருக்குக் கிடைத்தது சொற்பம். தொலைநாட்டுக் கடையில் விலை பன்மடங்கு. 2007 இல் இது ஆபத்துக்குள்ளான இனமாகச் சர்வதேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2018 இல் இந்தோனேசிய அரசு, ஆண்டின் குறித்த சில மாதங்களில் இதைப் பிடிப்பதைத் தடை செய்தது.

தடை நல்லது; ஆயினும் போதாது. கடல் முள்ளெலியையும் கடற்சாமந்தியையும் மக்கள் உணவுக்காக எடுத்துவிட்டால், பிடிபடாத மீனுக்கும் ஒதுங்க இடமில்லை. அம்மக்களைக் குற்றஞ்சாட்டிப் பயனில்லை. அவர்களுக்கு வேறு வருவாய்க்கு வழி செய்து, காவலிலும் அவர்களையே பங்காளிகளாக்க வேண்டும்.

"தொட்டியில் வளர்க்கலாமே, பிறகென்ன கவலை?" என்று கேட்பவர்கள் உண்டு. தொட்டியில் மீன் உயிரோடிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் பங்காய்க் கடல் வெறுமையாகிவிடுமே!

இந்தக் கேள்வி எமக்குப் புதிதல்ல. நிவாரண அட்டையில் பெயர் இருந்தால், அக்குடும்பம் பராமரிக்கப்படுகிறது என்று பதிவாகிவிடும். கிணறு, வயல் வரம்பு, குளத்து வாய்க்கால், வேலியோரப் பனை ஆகியவற்றை அந்த அட்டை கேட்பதில்லை. அவையின்றி ஒரு விவசாயி எப்படி விவசாயியாக வாழ்வது?

ஆகவே மீள்குடியேற்றம் பற்றிப் பேச வருவோரிடம் நாம் கேட்க வேண்டியது இது: எத்தனை குடும்பங்கள் என்று எழுதும் அதே தாளில், எத்தனை ஏக்கர், எத்தனை கிணறு, எந்தக் குளத்தின் நீர் என்பதையும் எழுதுங்கள். அதை எழுதும்போது எம்மையும் அருகில் இருத்துங்கள்.