பொறி சொல்லும் கணக்கிற்குப் பொறுப்பாளர் யார்?

தகவல் தொழில்நுட்பம் என்றவுடன் ஒரு கணினியையும், அதன்முன் அமர்ந்து நிரல் எழுதும் ஓர் இளைஞனையும் மட்டுமே கண்முன் கொணர்ந்து நிறுத்திக்கொள்வது நம் மக்களிடை ஊன்றிவிட்ட பழக்கம். அது பிழை. ஒரு நிறுவனத்தில் நிகழும் வரவு, செலவு, இருப்பு, ஆட்கணக்கு முதலிய செய்திகளைத் திரட்டியும் காத்தும் கணித்தும், வேண்டுவார்க்கு வேண்டுங்கால் வழங்கும் பணி முழுமையும் அச்சொல்லுள் அடங்கும். அப்பணியில் பொறி ஓர் உறுப்பு. நிரலர் இன்னோர் உறுப்பு. அவ்விரண்டிற்கும் முன்னும் பின்னும் நிற்போர் பலர். அவருள் ஒருவர் இடம் வெறுமையானாலும் என்ன கேடு விளையும் என்பதை, இங்கிலாந்தில் ஒரே குடிவழியில் வந்த இரண்டு கணினி வரலாறுகளால் அறியலாம்.

முதலாவது பெருமைக்குரியது. இலண்டனில் தேநீர்க் கடைகளும் அடுமனைகளும் நடத்திய இலயன்சு நிறுவனம், அலுவலகக் கணக்கு வேலைக்கென்றே ஒரு கணினியைத் தானே செய்துகொண்டது. 1947இல் அஃது அமெரிக்காவிற்கு அனுப்பிய அலுவலர் இருவர் புதிய மின்னணுக் கணிப்பொறிகளைப்பற்றி அறிந்து வந்தனர். கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் அப்பொழுது உருவாகிக்கொண்டிருந்த பொறிக்கு 3,000 பவுன் உதவிய நிறுவனம், அதன் அமைப்பை அடியொற்றி 'இலியோ' என்னும் தன் பொறியை உருவாக்கிற்று. 1951இல் அஃது அடுமனைக் கணக்குகளைப் போடத் தொடங்கியது. அலுவலகப் பணிக்கு ஒழுங்காகப் பயன்பட்ட முதற் கணினி அதுவே. தேர்ந்த எழுத்தர் எட்டு மணித்துளியில் போட்ட ஓராள் சம்பளக் கணக்கை அப்பொறி ஏறத்தாழ ஒன்றரை நொடியில் போட்டது.

விரைவினும் வியக்கத்தக்கது அங்கிருந்த வேலைப் பகுப்பு. தேவிட் கேமினர் என்பார் 1936இல் பயிற்சியாளராகச் சேர்ந்து, அலுவலக நடைமுறைகளை ஆராயும் பிரிவை நடத்தியவர். எந்தப் பண்டம் எந்தக் கடைக்கு எப்பொழுது போகிறது, எந்தத் தாள் எவர் கைக்கு ஏன் செல்கிறது, இரண்டு கணக்குகள் எவ்விடத்தில் ஒத்துவருதல் வேண்டும் என்பனவற்றைக் கண்டு வரைந்து வைப்பது அவர்தம் பணி. இற்றைநாளில் முறைமை ஆய்வர் எனப்படுவார்க்கு அவரே முன்னோடி. ஆய்வர் வரைந்ததைப் பொறிக்கு விளங்கும் கட்டளைகளாக்குவோர் நிரலர். 1952இல் அங்குச் சேர்ந்து நிரலரான மேரி கூம்சு என்னும் பெண்மணி, பிரெஞ்சு மொழி படித்துப் பட்டம் பெற்றவர். (மொழி படித்தார்க்கு இத்துறையில் என்ன வேலை என்று கைவிரிப்பார் இதனை ஊன்றிக் கருதுக.) ஒருவர் எழுதிய நிரலை வேறொருவர் படித்துப் பிழை காண்பதும் அங்கே வழக்கமாயிருந்தது. பொறியை இயக்குவோர் வேறு. பழுது நீக்குவோர் வேறு. பின்னாளில் தரவுக் காவலர், வலையமைப்பாளர், பாதுகாப்பாளர், பயன்படுத்துவார்க்கு உதவுவோர், இவரனைவர்க்கும் மேலாகத் தலைமைத் தகவல் அலுவலர் எனப் பணிநிலைகள் பெருகின. பெயர்கள் பெருகினவேயன்றி அடிப்படை மாறவில்லை. வேலையை அறிந்தவர் ஒருவர் வேண்டும். பொறியை அறிந்தவர் ஒருவர் வேண்டும். அவ்விருவரையும் ஐயுற்று ஆராய்பவர் ஒருவரும் வேண்டும்.

இனி இரண்டாவது. இலியோ நிறுவனம் 1963இல் வேறொன்றனோடு இணைந்து, 1968இல் அமைந்த ஐ.சி.எல். என்னும் பெருநிறுவனத்துள் கலந்தது. அதன் பெரும்பங்கை 1990இல் சப்பானின் புயூச்சிட்சு வாங்கிற்று. அக்குடிவழியில் வந்ததே, தொடுவானம் என்று பொருள்படும் 'ஒரைசன்' என்னும் கணக்கு முறைமை. 1999 முதல் அது பிரித்தானிய அஞ்சலகக் கிளைகளில் நிறுவப்பட்டது.

அக்கிளைகளை நடத்தியோர் ஊர்தோறும் கடை வைத்திருந்த எளிய மக்கள். மாலையில் பணத்தை எண்ணுவர். பொறியோ பல நூறு பவுன், சிலர்க்குப் பல்லாயிரம் பவுன், குறைகிறது என்று காட்டும். உதவிக்கென அமைத்த தொலைபேசியில் முறையிட்டால், வேறெவர்க்கும் இச்சிக்கல் இல்லையே என்று பலர்க்கு விடை கிடைத்தது. குறைந்த தொகையைக் கைப்பணத்தால் ஈடுசெய்தல் வேண்டும் என்பது உடன்படிக்கை. வீட்டை அடகு வைத்து ஈடுசெய்தவர் உண்டு. இயலாதவர்மீது திருட்டு, பொய்க்கணக்கு வழக்குகள் பாய்ந்தன. 1999க்கும் 2015க்கும் இடையில் அந்நாட்டில் 900க்கு மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டனர். அவருள் ஏறத்தாழ 700 பேர்மீது வழக்குத் தொடுத்தது அஞ்சலக நிறுவனமே. 2010இல் கருவுற்றிருந்த பெண்ணொருவரும் சிறை புகுந்தார். இத்துன்பத்தால் குறைந்தது 13 பேரேனும் தம்முயிரை மாய்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்று 2025இல் வெளிவந்த அரசு உசாவல் அறிக்கை கூறுகிறது.

நிரலில் பிழை நேர்வது இயல்பே. அதனை எழுதியவரை மட்டும் பழிப்பது பயனற்றது. கண்டறிந்த பிழைகளின் பதிவேடு பொறி நிறுவனத்திடம் இருந்தது. கிளை நடத்துவார் அறியாமலே தொலைவிலிருந்து அவர் கணக்கில் பதிவுகளைச் சேர்க்கவும் அதன் பணியாளரால் இயன்றது. அஞ்சலக நிறுவனமோ அவ்வாறு இயலாது என்றே நெடுங்காலம் சாதித்தது. தம் பணத்தை நாள்தோறும் எண்ணிய மக்கள் சொல்லையும் பொறியின் சொல்லையும் ஒருசேர ஐயுற்று ஆராய வேண்டிய மூன்றாமவர் இடம் அங்கே வெறுமையாய்க் கிடந்தது. அவ்விடத்தில் வழக்குரைஞர் வந்து அமர்ந்தனர். இலியோ காலத்தில் நிரலைத் தாளில் வைத்துப் படித்துப் பிழை கண்டவர்க்கு இவர் ஈடாவரோ?

சட்டமும் துணை நின்றது. கணினி செம்மையாக இயங்கிற்று என்பதை வழக்குத் தொடுப்பவர் மெய்ப்பித்தல் வேண்டும் என்றிருந்த விதி, 1999இல் இயற்றப்பெற்ற சட்டத்தால் நீக்கப்பட்டது. அதன்பின், பொறி செம்மையாகவே இயங்கிற்று என வழக்குமன்றம் முற்கோள் கொண்டது. பிழை உண்டென்று காட்டும் சுமை, அப்பொறியின் உள்ளே எட்டிப் பார்க்கவும் உரிமையில்லாத கடைக்காரர் தலையில் விழுந்தது.

ஆலன் பேட்சு என்பார் முன்னின்று நடத்த, 555 பேர் தொடுத்த வழக்கில், ஒரைசனில் பிழைகளும் குறைபாடுகளும் இருந்தன என்று 2019இல் உயர் வழக்குமன்றம் தீர்ப்பளித்தது. 2024இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றிப் பழைய தீர்ப்புகளுட் பெரும்பாலானவற்றை ஒருமொத்தமாக நீக்கிற்று. பொறியை நம்பும் அம்முற்கோளை மாற்றலாமா என்று 2025 சனவரியில் அரசு கருத்துக் கேட்கத் தொடங்கியது. கேட்கத் தொடங்குவதற்கே கால் நூற்றாண்டு கழிந்திருந்தது.