“எனக்கு எதுக்கு மாஸ்டர் டெஸ்ட்?”

2018 ஐபிஎல் தொடரில் 602 ரன் குவித்து, சென்னை அணி கோப்பையை வெல்லக் கைகொடுத்தவர் அம்பத்தி ராயுடு. அந்த ஆட்டம் அவருக்கு இங்கிலாந்து செல்லும் ஒருநாள் அணியில் இடம் வாங்கிக் கொடுத்தது. பிறகு பெங்களூரில் யோ-யோ டெஸ்ட். தேற வேண்டிய அளவு அப்போது 16.1. அதை அவர் எட்டவில்லை, இடம் போயிற்று. அதே ஜூன் மாதம் முகமது ஷமிக்கும் இதே கதிதான். இருவரும் சில மாதங்களுக்குள் தேறி அணிக்குத் திரும்பினார்கள். ஆனால் ஊர் வாயில் நின்றது “யோ-யோவுல ஃபெயில்” என்ற பேச்சுதான்.

டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போ உருவாக்கிய சோதனை அது. 20 மீட்டர் போய்வந்து, 10 விநாடி ஓய்ந்து, மறுபடி ஓடும் ஆட்டக்காரர் எவ்வளவு விரைவில் மீள்கிறார் என்று பார்ப்பதே நோக்கம். நம் ஜிம்களுக்குள் அந்த நோக்கம் வரவில்லை. பாஸ், ஃபெயில் என்ற பேச்சு மட்டும் வந்துவிட்டது.

“தினமும்தான் வர்றேனே, எனக்கு எதுக்கு மாஸ்டர் டெஸ்ட்?” ஐந்தாறு வருடமாக விடாமல் வரும் உறுப்பினரிடமிருந்து இந்தக் கேள்வியைக் கேட்காத பயிற்சியாளர் அரிது. சோம்பல், பயம் என்று ஒதுக்கிவிடுகிறோம். கேட்பவர் பக்கம் நியாயமும் உண்டு.

170 செ.மீ. உயரமும் 75 கிலோ எடையும் கொண்ட, பல வருடம் எடை தூக்கிப் பழகிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய பிஎம்ஐ ஏறக்குறைய 26. இந்தியர்களுக்கென 2009-இல் வகுத்த அளவுகோலில் 25-ஐத் தொட்டாலே உடல்பருமன். தோளும் தொடையும் இறுகியிருக்கும் மனிதரிடம் ‘உடல்பருமன்’ என்று எழுதிய தாளை நீட்டினால், அடுத்த தாளை அவர் ஏன் நம்ப வேண்டும்?

புதிதாகச் சேர்ந்தவருக்கு மூன்று மாதத்தில் எண்கள் துள்ளும், பயிற்சியாளருக்கும் பெருமை. பழையவருக்கு அப்படி நடக்காது. அவருடைய முன்னேற்றம் துளித்துளியாகத்தான் வரும். பல நேரம் சோதனையின் பிழையளவு அதைவிடப் பெரிதாக இருக்கும். கென்னத் கூப்பரின் 12 நிமிட ஓட்டமே இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்க விமானப்படையினர் 115 பேரை ஆராய்ந்து அவர் 1968-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2,400 மீட்டர் ஓடியவரின் ஆக்சிஜன் உள்வாங்கும் திறன் சுமார் 42.4. இன்னும் 50 மீட்டர் ஓடினால் 43.5. ஜனவரியில் ஓடியவரை மே மாதச் சென்னை வெயிலில் ஓடவிட்டால் அந்த 50 மீட்டர் எங்கே போகும்? வெயிலின் வேலையை “உங்க ஸ்டாமினா குறைஞ்சிருக்கு” என்று எழுதிக் கொடுத்தால், அவர் அடுத்த முறை டெஸ்ட் நாளில் லீவு போடுவார்.

கொழுப்பு சதவீதம் காட்டும் மெஷின் கதை இதைவிட மோசம். மின்னோட்டம் உடலில் கடக்கும் தடையை அளந்து, மீதியைச் சூத்திரத்தால் கணிக்கும் கருவி அது. வெறும் வயிற்றில் ஒன்று சொல்லும். வியர்வை வடிய டிரெட்மில்லிலிருந்து இறங்கி ஏறினால் வேறொன்று சொல்லும். தயாரிப்பாளரின் குறிப்பேட்டிலேயே நிபந்தனைகள் இருக்கும். அதைப் படித்துவிட்டு உறுப்பினரை மெஷினில் ஏற்றுகிறோமா? பல இடங்களில் அளவு முடிந்த கையோடு பெர்சனல் டிரெயினிங் பேக்கேஜின் விலைப்பட்டியல் வரும். டெஸ்ட் என்றாலே யாவாரம் என்று பழைய உறுப்பினர்கள் முடிவுகட்டியதில் வியப்பில்லை. அந்த அவநம்பிக்கையைச் சம்பாதித்தவர்கள் நாம்தான்.

இன்னும் சுவரில் தொங்கும் “220 கழித்தல் வயது” அட்டவணையும் அப்படியே. 1970-களின் தொடக்கத்தில், அன்று கிடைத்த தரவுகளின் மேல் தோராயமாக இழுத்த கோடு அது. 60 வயதுக்காரருக்கு அது 160 துடிப்பு என்கிறது. 2001-இல் டனாகா குழு தந்த சூத்திரம் 166 என்கிறது. எந்தச் சூத்திரமானாலும் தனி ஆளுக்குப் பத்துத் துடிப்பு முன்பின் ஆவது சாதாரணம்.

இதற்காக மதிப்பீடே வேண்டாம் என்பதில்லை. நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்ற எளிய சோதனை, தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கும் 65 வயதுக்காரரின் தொடை வலுக் குறைவைக் காட்டிக்கொடுக்கும். நடை மட்டும் போதாது, வலுப்பயிற்சியும் தேவை என்று அவரிடம் சொல்ல அப்போது ஒரு காரணம் கிடைக்கிறது. அதைச் சொன்ன அன்றே அவருடைய அட்டவணை மாற வேண்டும். மாறாதென்றால் அந்த டெஸ்டை எடுக்காமலே இருக்கலாம்.

இந்த இதழைப் படிக்கும் பயிற்சியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அளக்கும்போது தேதி, நேரம், சாப்பிட்டாரா, முந்தைய இரவு தூங்கினாரா என்பதையும் அட்டையில் எழுதுங்கள். அளவுக்குப் பக்கத்தில், அதனால் பயிற்சியில் என்ன மாறப்போகிறது என்று ஒரு வரி சேருங்கள். பிறகு அந்த அட்டையை அலுவலக ஃபைலில் வைக்காமல் உறுப்பினர் கையிலேயே கொடுத்தனுப்புங்கள்.