இஞ்சம்பாக்கத்தில் இறங்கிவிடலாம், திரும்பி வருவது எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு,

விடுமுறை நாளில் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போகலாம் என்று கேட்டால் சென்னைவாசிகள் மெரினா என்பார்கள், பெசன்ட் நகர் என்பார்கள், கொஞ்சம் துணிந்தவர்கள் மாமல்லபுரம் என்பார்கள். நடுவில் இருக்கும் இஞ்சம்பாக்கம் யார் வாயிலும் வருவதில்லை. மீனவர் குடியிருப்பும் மணல்வெளியுமாக இருக்கும் அந்தக் கடலோர ஊரில்தான் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது.

1966இல் சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரிடம் படித்த இளைஞர்களும் உருவாக்கிய கிராமம் அது. படம் வரைந்து மட்டும் வயிறு கழுவ முடியாத காலம். பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். சேர்ந்த பணத்தில் மணற்காடாகக் கிடந்த நிலத்தை வாங்கினார்கள். கூரைக் கொட்டகைகளில் தங்கி வேலை செய்தார்கள். வேறெந்த ஊராக இருந்தாலும் இந்த ஒரு கதைக்காகவே வழியெங்கும் பலகை வைத்திருப்பார்கள்.

பிள்ளைகளுக்கு அங்கே அலுப்புத் தட்டாது. மரநிழலில் கருங்கல்லிலும் உலோகத்திலும் செய்த சிற்பங்கள் திறந்தவெளியில் நிற்கின்றன, சுற்றிச் சுற்றி வந்து பார்க்கலாம். 2009இல் திறந்த அருங்காட்சியகத்தில் சென்னைக் கலை இயக்கத்தின் ஓவியங்களும் சிற்பங்களும் உள்ளன. பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களில் ஜாதகக் கட்டம்போலக் கோடுகள், எழுத்துபோலத் தெரிந்தும் படிக்க வராத கிறுக்கல்கள், எண்கள். கட்டத்தைப் பார்த்ததும் பாட்டிக்குப் பிடிபட்டுவிடும். எழுத்துக்கூட்டத் தொடங்கிய பேரனுக்கோ அது பெரிய விளையாட்டு. இன்னும் தெற்கே போனால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பிய இடம். 1996 முதல் நடக்கிறது.

இவ்வளவும் இருந்தும் கார் வைத்திருப்பவர்தான் நிம்மதியாக வந்துபோக முடிகிறது. திருவான்மியூரிலிருந்து பேருந்தில் வரும் குடும்பம் கடல் பக்கத்திலேயே இறங்கிக்கொள்ளும், ஓவியர் கிராமமும் அதே பக்கம்தான். சிக்கல் திரும்பும்போது. வீடு திரும்பும் பேருந்து எதிர்ப்புறம் நிற்கும். வேகத்துக்குப் பேர்போன கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கைக்குழந்தையோடும் முதியவரோடும் கடக்க வேண்டும். ஒரு கை பிள்ளையைப் பிடிக்கும், மறு கை வண்டிகளை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சும்.

திருவான்மியூர் – அக்கரை இடையே சாலையை ஆறு வழியாக்கும் பணி நடக்கிறது. அதற்கு மேலே, உத்தண்டி வரை 14.2 கி.மீ. நீளத்துக்கு 2,100 கோடி ரூபாயில் உயர்மட்டச் சாலை என்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிப்பும் வந்தது. நெரிசல் உண்மைதான், அகலப்படுத்துவதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் சாலை எவ்வளவு அகலமாகிறதோ அவ்வளவு தூரம் நடப்பவர் குறுக்கே போக வேண்டும். நிலம் எவ்வளவு எடுப்பது, பயண நேரம் எவ்வளவு குறையும் என்று பேசுகிறவர்கள், பேருந்தில் வந்திறங்கும் தாய் எங்கே நின்று எப்படிக் கடப்பாள் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். நடைமேம்பாலம் கட்டிவிட்டால் தீர்ந்தது என்பதும் சரியல்ல. மூட்டுவலிக்காரருக்கும் தள்ளுவண்டிக் குழந்தைக்கும் அந்தப் படிக்கட்டு எட்டாது.

ஓவியர் கிராமத்துக்கு அருகே தரைமட்டத்திலேயே பாதசாரிகளுக்கான சிக்னல் வேண்டும். நிறுத்தத்திலிருந்து வாசல் வரை உடையாத நடைபாதையும், நிழற்குடையும், நிறுத்தத்தின் பெயரிலேயே 'ஓவியர் கிராமம்' என்ற சொல்லும் வேண்டும். பல கோடி போகும் திட்டத்தில் இவற்றுக்கு ஆகும் செலவு மிகச் சிறியது. தூண்கள் எழுந்த பிறகு போய்க் கேட்டால் வரைபடத்திலேயே இல்லையே என்ற பதில்தான் வரும். ஆகவே இப்போதே வரைபடத்தில் சேர்க்கும்படி உரியவர்களைத் தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருவான்மியூர்