கருவியைத் தெரியுமுன் பணியைத் தெரிவோம்

ஒரு தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா ஒரே நாளில் நிறைவுறுகின்றது. அதற்கான உழைப்போ பல மாதங்கள் நீள்கின்றது. மண்டபம் ஒழுங்கு செய்தல், நாடகம் பழக்குதல், நடுவர்களை அழைத்தல், பரிசில்கள் வாங்குதல், மலருக்கு ஆக்கங்களும் விளம்பரங்களும் சேர்த்தல், சிற்றுண்டி, ஒலி, ஒளி, முதலுதவி என அதன் கிளைகள் பல. இவற்றைத் தாங்குவோர் ஊதியம் பெறும் ஊழியர் அல்லர். வாரம் முழுவதும் கடைகளிலும் அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் உழைத்துவிட்டு, எஞ்சிய ஓய்வு நாளையும் பள்ளிக்கு ஈயும் பெற்றோரும் ஆசிரியருமே அவர்கள்.

அண்மைக் காலமாகத் தமிழ்ப் பள்ளிகளின் நிர்வாகக் கூட்டங்களில் ஒரு வினா எழுந்து வருகின்றது. "பெரிய நிறுவனங்கள் போன்று நாமும் செயற்றிட்ட முகாமைத்துவ மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்தினால் என்ன? பயன்படுத்துவதாயின் எதனைத் தெரிவு செய்வது?" இவ்வினாவைக் கணினி அறிந்தோருக்கு மட்டும் உரியதென ஒதுக்கிவிடல் ஆகாது. ஒருவரே பத்துப் பணிகளைச் சுமக்கின்றார். மற்றையோர் உதவ விரும்பியும், எதைச் செய்வதென அறியாது நிற்கின்றனர். சுமந்தவர் ஒருநாள் களைத்து விலகுகின்றார்; அல்லது வேறு ஊருக்குக் குடிபெயர்கின்றார். மண்டபத்தாரின் தொலைபேசி எண் தொடக்கம் கடந்த ஆண்டுக் கணக்கு வரை யாவும் அவரோடு சென்றுவிடுகின்றன. தொண்டர்களின் களைப்பு ஒரு பள்ளியின் ஆயுளையே குறைக்க வல்லது. ஆகவே, இவ்வினா எமது பிள்ளைகளின் தமிழோடும் தொடர்புடையதாகின்றது.

எமது கருத்தைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகின்றோம். கருவி வேண்டியதே. ஆனால், பணியை வரையறுத்த பின்னரே கருவியைத் தெரிதல் வேண்டும். அதனைக் கையாளப் போகின்றவர்களே அதனைத் தெரிதலும் வேண்டும்.

இம்மென்பொருள்களின் அடிப்படை புதியதன்று. ஹென்றி கான்ட் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1910களில் ஒரு வரைபட முறையைப் பரப்பினார். எப்பணி எந்நாளில் தொடங்கி எந்நாளில் முடிதல் வேண்டும் என்பதை அது கோடுகளாகக் காட்டிற்று. ஜப்பானின் ரொயோட்டா வாகனத் தொழிற்சாலையில் அட்டைகளைக் கொண்டு வேலையின் ஓட்டத்தை நெறிப்படுத்தும் முறை வளர்ந்தது. கான்டின் கோடுகளைத் திரையில் காட்டும் மைக்ரோசொப்ட் புரொஜெக்ட் 1984ஆம் ஆண்டிலும், அட்டைகளைத் திரையில் நகர்த்தும் ட்ரெலோ 2011ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. இன்று இவை போன்றவை எண்ணற்றுக் கிடக்கின்றன. எனினும் அவை யாவும் விடை கூற முயல்வன மூன்றே வினாக்களுக்கு: எப்பணி? யார் பொறுப்பு? என்று முடியும்?

தாயகத்தில் ஆசிரியத் தொழில் புரிந்த எமக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை. அதிபரின் அலுவலகச் சுவரில் தொங்கிய நேரசூசி இதே பணியைத்தான் செய்தது. எந்த ஆசிரியர் எவ்வேளையில் எவ்வகுப்பில் இருப்பார் என்பதை எவரும் கண்ணாற் கண்டு அறியலாம். இடம்பெயர்ந்து மரநிழலில் வகுப்புகள் கூடிய நாள்களிலும், முதலில் ஒழுங்கு செய்யப்பட்டவை வரவு இடாப்பும் நேரசூசியுமே. கூரை இல்லாத பள்ளியும் அவற்றினால் பள்ளியாக நின்றது. யாவரும் காணக்கூடிய இடத்தில் பொறுப்புகள் எழுதப்பட்டிருத்தலே ஒழுங்கின் உயிர். சுவரில் எழுதினாலும் திரையில் எழுதினாலும் அவ்வுண்மை மாறுவதில்லை.

ஒரு குழுவினருக்கான மென்பொருளைத் தெரிவு செய்வதில் நேரக்கூடிய ஆபத்தை இவ்விலண்டன் மாநகரே உலகிற்குக் காட்டியிருக்கின்றது. இலண்டன் அம்புலன்ஸ் சேவை ஏறத்தாழ 600 சதுர மைல் பரப்பில் 68 இலட்சம் மக்களுக்குப் பணியாற்றி வந்த காலம் அது. அழைப்புகள் தாளில் எழுதப்பட்டுக் கையால் பகிரப்பட்டன. இதனை மாற்றிக் கணினியே வண்டிகளை அனுப்பும் ஏற்பாடொன்றைச் செய்ய நிர்வாகம் முடிவு செய்தது. கேள்விப் பத்திரங்கள் 1991ஆம் ஆண்டில் கோரப்பட்டன. குறைந்த விலையும் குறுகிய காலக்கெடுவுமே தெரிவைத் தீர்மானித்தன. ஏறத்தாழ 937,000 பவுணுக்கு ஒப்பந்தம் கைச்சாத்தானது. அவ்வேலைக்கென ப்ரின்ஸ் எனப்படும் செயற்றிட்ட முகாமைத்துவ முறையும் ஏற்கப்பட்டிருந்தது. ஏற்றது பெயரளவில்; அதனை முறையாகக் கைக்கொண்டாரில்லை.

1992ஆம் ஆண்டு ஒக்ரோபர் 26ஆம் நாள் காலை, புதிய ஏற்பாடு ஒரே மூச்சில் முழு நகருக்கும் நடைமுறைக்கு வந்தது. வண்டிகள் எங்குள்ளன என்பதைக் கணினி சரிவர அறியவில்லை. ஓரிடத்துக்கு இரு வண்டிகள் சென்றன. வேறோரிடத்தில் நோயாளர் காத்திருந்தனர். மறுநாளே பழைய முறையின் ஒரு பகுதிக்குத் திரும்ப நேர்ந்தது. நவம்பர் 4ஆம் நாள் அதிகாலையில் கணினி முற்றாகவே நின்றுபோக, ஊழியர்கள் மீண்டும் தாளையும் பேனாவையும் எடுத்தனர். 1993ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளியான விசாரணை அறிக்கை, அதனைப் பயன்படுத்த வேண்டியிருந்தோர் போதிய அளவில் கலந்தாலோசிக்கப்படவில்லை, போதிய பயிற்சியும் பெறவில்லை எனச் சுட்டிக்காட்டியது.

இக்கதையின் மறுபாதியைப் பலர் அறியார். அதே சேவை, தன் சொந்த ஊழியர்களைக் கொண்டே வேறோர் ஏற்பாட்டை உருவாக்கி, 1996ஆம் ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்குக் கொணர்ந்தது. இம்முறை முன்மாதிரிகள் ஊழியர்களுக்குக் காட்டப்பட்டுத் திருத்தங்கள் பெறப்பட்டன. சிறிது சிறிதாகவே மாற்றங்கள் புகுத்தப்பட்டன. 1997ஆம் ஆண்டு அவ்வேற்பாடு பிரித்தானியக் கணினிச் சங்கத்தின் விருதையும் பெற்றது. நகரம் அதே நகரம். பணியும் அதே பணி. மாறியது தெரிவு செய்த முறையும் புகுத்திய முறையுமே. நோயாளரைக் காக்கும் பெருஞ் சேவைக்கு உரிய இப்பாடம், ஐம்பது பிள்ளைகளின் நாடகத்தை மேடையேற்றும் எமக்கும் உரியதே.

ஊதியமற்ற தொண்டர்களைக் கொண்டு பெரும்பணி ஆற்றுவதற்கு எம்மவரிடத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1998ஆம் ஆண்டு தைப்பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றி உலகிற்கு இலவசமாக வழங்கி வருகின்றது. அதன் ஒருங்கிணைப்பாளரான முனைவர் கு. கல்யாணசுந்தரம் சுவிற்சர்லாந்தில் வாழ்ந்தவர். தட்டெழுதியோரும் பிழை திருத்தியோரும் பல நாடுகளில் இருந்தனர். ட்ரெலோ போன்றவை தோன்றாத அக்காலத்தில் மின்னஞ்சலே அவர்களை இணைத்தது. அவர்களிடம் இருந்தது தெளிவான பொறுப்புப் பகிர்வு. தட்டெழுதியவர் யார், பிழை திருத்தியவர் யார் என்பது மின்பதிப்புகளிலேயே குறிக்கப்படுகின்றது. பொறுப்பும் நன்றியும் ஒரே வரியில் பதிவாகிவிடுகின்றன! எளிய கருவியாலும் பெரும்பணி நடைபெறும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

"எமக்கு வட்ஸ்அப் குழு போதுமே" என்பார் சிலர். அவர்கள் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. அது எல்லோர் கையிலும் உள்ளது. புதிதாகக் கற்கவும் வேண்டியதில்லை. ஆனால், அது உரையாடும் இடம். பணியைப் பதிந்து வைக்கும் இடமன்று. செவ்வாய்க்கிழமை எடுக்கப்பட்ட முடிவு வியாழக்கிழமைக்குள் பிறந்தநாள் வாழ்த்துகளின் கீழ் புதைந்துவிடுகின்றது. "ஒலிபெருக்கிக்கு யார் பொறுப்பு?" என்று ஒருவர் கேட்க, ஐவர் கைகூப்பும் படத்தை இடுகின்றனர். ஐவரும் பொறுப்பேற்றனரா, எவருமே ஏற்கவில்லையா என்பது விழா நாளன்றே தெரியவருகின்றது. பேசுவதற்கு அக்குழு இருக்கட்டும். பேசி முடித்ததைப் பதிய வேறோர் இடம் வேண்டும்.

அவ்விடத்தைத் தெரியுமுன் ஐந்து வினாக்களைக் கேட்டல் நன்று.

முதலாவது, குழுவில் கணினிப் பழக்கம் மிகக் குறைந்தவர் அதனைக் கைத்தொலைபேசியில் எளிதாகக் கையாள முடியுமா? வல்லவர் ஒருவருக்கு உகந்தது குழுவுக்கு உகந்ததாகிவிடாது. பல்லாண்டுகளாகச் சமையற்கூடத்தைப் பொறுப்பேற்று நடத்தும் மூத்த அம்மையார் ஒருவர் புதிய கருவியால் ஒதுக்கப்படுவாராயின், அக்கருவி எமக்கு நட்டமே.

இரண்டாவது, தமிழில் எழுதவும் தேடவும் அதில் இயலுமா? ஒருங்குறி பரவிய இக்காலத்தில் பெரும்பாலானவற்றில் இது கூடும். ஆயினும் சோதித்தே அறிதல் வேண்டும். தமிழ்ப் பள்ளியின் பணிப் பட்டியல் தமிழில் இருத்தலே முறை.

மூன்றாவது, அதன் செலவு யாது? பல நிறுவனங்கள் ஆளொன்றுக்கு மாதம் இவ்வளவு என அறவிடுகின்றன. நாற்பது தொண்டர்களுக்கு அத்தொகை பெருகிவிடும். இலவசப் பதிப்புகள் உள. அவற்றுக்கு எல்லைகளும் உள. பதிவுபெற்ற அறநிலையங்களுக்குக் கழிவு வழங்குவோரும் உளர், விசாரித்தல் வேண்டும்.

நான்காவது, வெளியேறும் வழி உண்டா? நாளை அந்நிறுவனம் விலையை உயர்த்தினால், அல்லது சேவையை நிறுத்தினால், எமது பதிவுகளை முழுமையாக எடுத்துக்கொள்ள இயல வேண்டும். கணக்கு தனியொருவரின் பெயரில் இராது, பள்ளியின் பெயரில் இருத்தல் வேண்டும். இருவரேனும் அதன் திறவுச்சொல்லை அறிந்திருத்தல் வேண்டும்.

ஐந்தாவது, பிள்ளைகளின் விபரங்கள் பாதுகாப்பாக இருக்குமா? பிரித்தானியாவின் 2018ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தொண்டர் பள்ளிகளுக்கு விலக்களிக்கவில்லை. பிள்ளையின் முகவரி, நோய் விபரம், புகைப்படம் ஆகியன பணிப் பட்டியலில் இடம்பெறவே கூடாது. "மூன்றாம் வகுப்பு நடனத்திற்கு ஆடை" என எழுதினால் போதுமானது.

இங்கு ஒன்று கூறவேண்டும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனம் 2006ஆம் ஆண்டு முதல் இத்தகைய மென்பொருளை வழங்கி வருகின்றது. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறை என்னும் சிற்றூரிலும் அதன் அலுவலகம் இயங்குகின்றது. தமிழ் மண்ணில் விளைந்த கருவியை உலகம் பயன்படுத்துவது எமக்குப் பெருமையே. ஆயினும் பெருமை மாத்திரம் தெரிவுக்குக் காரணமாகலாகாது. மேற்கூறிய ஐந்து வினாக்களையும் அதனிடமும் கேட்போம். விடை பொருந்தினால் மகிழ்வோடு ஏற்போம்.

தெரிந்த பின்னரும் அவசரம் வேண்டாம். ஆண்டு விழாவையே முதற் பரிசோதனைக் களமாக்குதல் தகாது. ஒரு தவணைக்கு, வாணி விழா போன்ற சிறு நிகழ்வொன்றில் பயன்படுத்திப் பார்ப்போம். அதற்கும் முன்பாக, ஒரு பெரிய தாளில் பணிகள் அனைத்தையும் எழுதி, ஒவ்வொன்றின் எதிரேயும் ஒரு பெயரையும் ஒரு திகதியையும் இடுவோம். தாளில் நிரப்ப இயலாத வெற்றிடத்தை எந்த மென்பொருளும் நிரப்பித் தராது. வள்ளுவர் வினைசெயல்வகை அதிகாரத்தில், ஒரு செயலுக்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டியவையாக ஐந்தினைத் தொகுத்துரைத்தார். கருவி அவ்வைந்தினுள் ஒன்று மட்டுமே என்பதை நாம் மறத்தலாகாது.

அன்பு மாணவர்களே, இதில் உங்களுக்கும் பங்குண்டு. மேல்வகுப்புகளில் பயில்வோர் இக்கருவிகளை எம்மினும் விரைவில் கற்பீர்கள். பெரியோருக்குப் பொறுமையோடு கற்றுக் கொடுங்கள். "செய்யவேண்டியவை", "செய்துகொண்டிருப்பவை", "செய்து முடித்தவை" என மூன்று நிரல்களுக்குத் தமிழில் தலைப்பிடுங்கள். பாடநூலில் வினையெச்சமாகவும் வினையாலணையும் பெயராகவும் படிக்கும் சொற்கள், அங்கே வேலை செய்யும் சொற்களாகும். ஒரு மொழி வீட்டுப் பேச்சிலும் மேடைப் பேச்சிலும் மட்டும் வாழ்ந்தால் போதாது. அம்மொழியில் கணக்கெழுதவும் திட்டமிடவும் வேண்டும்.

பெற்றோரே, பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே ஒரு சிறு பணியேனும் இருக்கட்டும். நாற்காலி அடுக்குவதாயினும் அது பணியே. பத்துப் பணிகளை ஒருவர் சுமக்கும் பள்ளி அவர் களைக்கும் நாளில் தளரும். பத்துப் பேர் ஒவ்வொன்றைச் சுமக்கும் பள்ளி தலைமுறை கடந்தும் நிலைக்கும். அவ்வாறு பகிர்ந்து சுமப்பதற்கு உதவும் கருவி எதுவோ அதுவே எமக்கு உகந்த கருவி. அதனை ஆராய்ந்து, கூடித் தெரிந்து, அடுத்த ஆண்டு விழாவை இன்னும் பல கைகளால் எடுப்போமாக.